பின்பாட்டுக்காரர் இடம்

பவானியில் எங்கள் வீட்டு முன்னறையில் பாதியைத் தறிக்குழிதான் அடைத்துக்கொண்டிருக்கும். ஜமக்காளத் தறி. கல்யாண மண்டபத்தில் விரிக்கிற அகலத்துக்கு ஒரே ஆள் உட்கார்ந்து நெய்ய முடியாது, கை எட்டாது. குழியின் விளிம்பில் இரண்டு பேர் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருப்பார்கள். இடப்பக்கம் பெரியப்பா, வலப்பக்கம் அப்பா. பெரியப்பா விடுகிற நாடா பாவுக்குள் ஓடி அப்பாவின் வலக்கைக்கு வந்து சேரும். அப்பா அதைப் பிடித்து, ஊடையைச் சீராக இழுத்து, மிதி மாறியதும் திருப்பி விடுவார். பிறகு இருவரும் சேர்ந்து பலகையை இழுத்து அடிப்பார்கள். ‘டொக்’ என்று ஒரே சத்தம். அந்தச் சத்தத்தில்தான் நானும் தம்பியும் தூங்கினோம், விழித்தோம், பாடம் படித்தோம்.

தை பிறந்துவிட்டால் அதே இரண்டு பேர் ராத்திரியில் வேறு ஆட்களாகிவிடுவார்கள். பெரியப்பா உடுக்கையைத் துணிப்பையில் போட்டுக்கொள்வார். அப்பா தாளத்தை இடுப்பு வேட்டியில் முடிந்துகொள்வார். சைக்கிளில் ஊர் ஊராகப் போய் அண்ணன்மார் சாமி கதை பாடுவார்கள். பொன்னர், சங்கர் என்ற இரண்டு அண்ணன்மார்களும் அவர்களுடைய தங்கை தங்காளும்தான் அந்தக் கதையின் உயிர். கலைஞர் கருணாநிதியின் ‘பொன்னர் சங்கர்’ நாவல் வழியாகவும் 2011-இல் வந்த திரைப்படம் வழியாகவும் அதை மற்ற ஊர்க்காரர்கள் அறிந்திருப்பார்கள். கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்கு அது கோயில் வாசலில், உடுக்கைச் சத்தத்தோடு, தூக்கம் சொக்கும் கண்ணோடு கேட்ட கதை. 1965-இல் பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் காங்கேயம் பக்கத்தில் தங்கி இந்தக் கதையை முழுக்க ஒலிநாடாவில் பதிவு செய்தார். “கடல் தாண்டி வந்த அம்மா ஒருத்தர் ராத்திரி ராத்திரியா உக்காந்து கேட்டாங்களாம். நம்ம புள்ளைங்க ஒரு மணி நேரம் உக்கார மாட்டீங்கறீங்க” என்று பெரியப்பா எங்களைக் கடிந்துகொள்வார்.

உடுக்கை சின்ன வாத்தியம். நடுவில் இடுப்பு சிறுத்திருக்கும். அந்த இடுப்பில் ஓடும் கயிற்றை இடக்கை இறுக்கும், தளர்த்தும். வலக்கை விரல்கள் தோலில் தட்டும். இறுக்கினால் சத்தம் ஏறும், விட்டால் இறங்கும். பெரியப்பா தட்டும்போது ஒரு மனுசன் விம்முவதைப் போலவே கேட்கும். அவர் முன்பாட்டு, அப்பா பின்பாட்டு. பெரியப்பா ஓர் அடியைத் தொடங்கிப் பாதியில் விடுவார். அப்பா அதை எடுத்து முடிப்பார். வசனமாகச் சொல்லும் இடங்களில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அப்பா ‘ஆமா’ போடுவார். அந்த ‘ஆமா’ இல்லாவிட்டால் கதை நகராது. தறியில் எதிர்க் கை இல்லாவிட்டால் நாடா நகராததைப் போலத்தான்.

1996-ஆம் வருடம், ஆடிப் பதினெட்டு முடிந்த மறுநாள். கூடுதுறையில் புதுத்தண்ணீரில் குளித்துவிட்டு வந்த கூட்டம் இன்னும் தெருவில் கலையவில்லை. காலையில் தறியில் உட்காரப் போன அப்பா குழிக்குள் சரிந்துவிட்டார். ஈரோட்டு மருத்துவமனை ஒன்றில் பன்னிரண்டு நாள் வைத்திருந்தோம். உயிர் தங்கியது. வலக்கையும் வலக்காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது: ‘ஆமா’.

“பசிக்குதுங்களா?” என்று அம்மா கேட்டால், “ஆமா.” “பசிக்கலீங்களா?” என்றாலும் “ஆமா.” தண்ணீர் வேண்டுமா, வெளியே போக வேண்டுமா, எங்கே வலிக்கிறது, எதற்கும் அதே சொல். சொல்ல நினைத்தது வேறு என்று அவர் கண் சொல்லும். இடக்கையால் தன் வாயில் தானே அடித்துக்கொள்வார். அம்மா அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வருவாள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. இருபது வருடம் பின்பாட்டுப் பாடியவருக்கு அந்தத் தொழிலின் சொல்லை மட்டும் விட்டுவைத்துவிட்டு மற்றதையெல்லாம் எடுத்துக்கொண்டு போனது எது என்று எனக்கு விளங்கவில்லை. “இனிமேல் பேச்சு வர்றது சிரமம்” என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நெசவு கொடுத்துக்கொண்டிருந்த முதலாளி வந்தார். கல்யாண சீசனுக்குச் சரக்கு வேண்டும், வேறு ஆளை உட்கார வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: “அந்த எடம் சும்மாவே இருக்கட்டுங்க. என்ற தம்பி வருவான்.” ஒற்றை ஆளாக உட்கார்ந்து சின்ன விரிப்பு நெய்ய ஆரம்பித்தார். கூலி பாதிக்கும் கீழே இறங்கியது. பெரியம்மாவும் அம்மாவும் ராட்டையில் தார் சுற்றி அக்கம்பக்கத்துத் தறிகளுக்குக் கொடுத்தார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் காலை பெரியப்பா அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழக்கமான வலப்பக்கத்தில் உட்கார வைப்பார் என்று நினைத்தோம். அவர் தன்னுடைய இடத்தில், இடப்பக்கத்தில், அப்பாவை உட்கார வைத்தார். முதுகுக்குத் தலையணை வைத்து, இடுப்பைத் துண்டால் தூணோடு சேர்த்துக் கட்டினார். தான் வலப்பக்கம் போய் உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்பாவுக்கு இருப்பது இடக்கை. அந்தக் கைக்கு நாடா வர வேண்டுமென்றால் அவர் இடப்பக்கம்தான் இருக்க வேண்டும். தறியில் உட்கார்ந்த நாள் முதலாகப் பழகிய கையையும் பழகிய இடத்தையும் பெரியப்பா அன்று காலை விட்டுக்கொடுத்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட யாரிடமும் பேசவில்லை.

முதல் நாள் அப்பாவால் நாடாவைப் பிடிக்கவே முடியவில்லை. அது கரையைத் தாண்டி வந்து குழிக்குள் விழும். நான் இறங்கி எடுத்துக் கொடுப்பேன். அவருக்குக் கோபம் வரும், கண்ணீர் வரும். பெரியப்பா அவசரப்படவே மாட்டார். மிதியை மிதித்துப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். நாடா திரும்பி வந்ததும் அடிப்பார். ‘டொக்.’ மறுபடியும் காத்திருப்பார்.

நாலைந்து நாள் கழித்துப் பாட்டை எடுத்தார். தங்காள் அண்ணன்மார்களைத் தேடிக் காட்டுக்குள் போகிற கட்டம். அவள் ஒவ்வொரு மரத்திடமும் நின்று இரண்டு அண்ணன்மார் பேரையும் சொல்லிக் கேட்பாள். பெரியப்பா மூத்தவன் பேரைச் சொல்லி நிறுத்துவார். இளையவன் பேரை எடுத்துக் கொடுக்க வேண்டியது பின்பாட்டு. பெரியப்பா “பொன்னரு” என்று இழுத்து நிறுத்தி நாடாவை விட்டார். பதில் வரவில்லை. நாடா மட்டும் வந்தது. மறுபடி “பொன்னரு.” ‘டொக்.’ அன்றைக்கு இருபது முப்பது தடவை இருக்கும். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

எத்தனையாவது நாள் என்று எனக்கு நினைவில்லை. நான் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே “பொன்னரு” என்று கேட்டது. அடுத்தாற்போல், கரகரத்து, மூக்கில் பாதி சிக்கி, ஆனால் மெட்டுத் தப்பாமல், “சங்கரு” என்று கேட்டது.

அம்மா கையில் இருந்த தாரோடு ஓடி வந்தாள். பெரியப்பா தறியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்தச் சொல் பயந்து ஓடிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. கண்ணில் நீர் வழிய வழிய அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். “பொன்னரு.” “சங்கரு.” அன்று சாயங்காலம் வரைக்கும் அந்தக் காட்டில் இருந்த எல்லா மரத்தையும் அண்ணன் தம்பி இரண்டு பேரும் கேட்டுவிட்டார்கள்.

ஆனால் தறியை விட்டு எழுந்ததும் பழையபடி ‘ஆமா’தான். பாட்டில் வருகிற சொல் பேச்சில் வரவில்லை. இதற்கு வழி காட்டியது ஈரோட்டிலிருந்து வந்த ஓர் இளம் பேச்சுப் பயிற்சியாளர். செய்தி கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து, திண்ணையில் உட்கார்ந்து அரைநாள் பார்த்துக்கொண்டேயிருந்தார். பிறகு பெரியப்பாவிடம், “ஐயா, நீங்க இதை எங்க படிச்சீங்க?” என்று கேட்டார்.

அவர் எங்களுக்குச் சொன்னதை இன்றும் அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடப்பக்கத்தில் இருக்கிறது. அங்கே ரத்த ஓட்டம் தடைபட்டால் பேச்சும் வலக்கையும் சேர்ந்து போகும். அஃபேசியா என்பார்கள். ஆனால் மெட்டோடு பழகிய சொற்கள் வலப்பக்கத்தையும் துணைக்கு அழைத்துக்கொண்டு வருகிறவை. அதனால்தான் பேச முடியாத சிலரால் பாட முடிகிறது. 1973-இல் பாஸ்டன் நகரத்தில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் என்ற மூவர் இதையே ஒரு சிகிச்சை முறையாக வகுத்தார்கள். சின்னச் சின்ன வாக்கியங்களை மெட்டில் வைத்துப் பாட வைக்க வேண்டும். ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடக்கையைத் தட்டிக் கொடுக்க வேண்டும். சொல் பிடிபட்ட பிறகு மெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிவிட வேண்டும். “நீங்க இடக்கைக்கு நாடா கொடுத்தீங்க பாருங்க, அதேதான்” என்றார் அவர். பெரியப்பா சங்கடத்தோடு தலையைச் சொறிந்துகொண்டு, “எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க அம்மிணி. பின்பாட்டுக்கு எடம் விட்டுப் பாடித்தான் பழக்கம்” என்றார்.

அதன் பிறகு வீட்டில் எல்லாமே பாட்டாயிற்று. தண்ணீர் கேட்பதும், அம்மாவைக் கூப்பிடுவதும், “போதும்” என்பதும் அண்ணன்மார் கதை மெட்டில் வந்தன. மெல்ல மெல்ல மெட்டு தேய்ந்து பேச்சு மிஞ்சியது. நீளமான வாக்கியம் அப்பாவுக்குக் கடைசிவரை வரவில்லை. நாலைந்து சொல் சேர்த்துப் பேசுவார், நடுவே நிறுத்தி மூச்சு வாங்குவார். அப்பாவின் வலக்காலை மிதிமேல் வைத்துப் பெரியப்பா தாளம் போடப் போட, அடுத்த ஆடிக்குள் அவர் கோலூன்றி நடந்தார். தாளத்துக்குக் கால் போட்டு நடக்கப் பழகினால் பக்கவாதக்காரர்களின் நடை சீராகிறது என்பதையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று அந்தப் பெண் சொன்னார்.

அந்தப் பெண் கேட்டுக்கொண்டதால் பெரியப்பா செவ்வாய்க்கிழமைதோறும் ஈரோட்டில் அவர் பயிற்சி கொடுக்கும் இடத்துக்குப் போக ஆரம்பித்தார். விடுமுறை நாட்களில் நானும் போவேன். துணிப்பையில் உடுக்கை இருக்கும். கூடவே நாலைந்து மரச்சட்டங்களும் நூல் கழிகளும் இருக்கும். சட்டங்களை அவரே செய்தார். ஒரு முழச் சட்டம், மேலும் கீழும் வரிசையாக ஆணி, ஆணிக்கு ஆணி பாவு நூல். ஊடையை விரலால் ஒன்று விட்டு ஒன்று நுழைத்துக் கொண்டுபோக வேண்டும். முதல் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கும் மருத்துவமனைகளில் நெசவு கற்றுக் கொடுத்துத்தான் கையைத் தேற்றினார்கள் என்று பயிற்சியாளர் சொன்னபோது, பெரியப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. தன் தொழிலைப் பற்றி வெளியாள் ஒருவர் மரியாதையாகப் பேசி அவர் அதிகம் கேட்டதில்லை.

உள்ளே போனதும் பாட மாட்டார். கூட வந்த உறவுக்காரர்களிடம் போய் உட்கார்ந்து, “முன்னெல்லாம் என்ன பாடுவாருங்க? வேலை செய்யறப்ப வாயில என்ன இருக்கும்?” என்று விசாரிப்பார். அண்ணன்மார் கதை எல்லாருக்கும் ஆகாது என்பது அவருக்குத் தெரியும். ஒரு பாட்டிக்குத் தாலாட்டு. வேறொருவருக்கு எம்.ஜி.ஆர். பாட்டு. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவருக்கு எந்தப் பாட்டும் ஒட்டவில்லை. பெரியப்பா யோசித்து, உடுக்கையை ஓரம் வைத்துவிட்டு, கண்டக்டர் குரலிலேயே “சித்தோடு, சித்தோடு” என்று கூவிப் பார்த்தார். கண்டக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து, “பவானி, பவானி” என்றார். அவருடைய மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது என் கண்ணில் இருக்கிறது.

எல்லாரும் எழவில்லை. பைக் விபத்தில் தலையில் அடிபட்ட ஓர் இளைஞனுக்காகப் பெரியப்பா ஒரு வருடத்துக்கு மேல் உட்கார்ந்தார். ஒரு சொல்லும் வரவில்லை. அவன் இரண்டு கையிலும் நூல் கழியை மாட்டிப் பிடித்துக்கொள்வான், பெரியப்பா எதிரே உட்கார்ந்து பாடிக்கொண்டே உருண்டையாகச் சுற்றுவார். அவ்வளவுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் கேட்டேன்: “இனிமே வரும்னு நெனைக்கறீங்களா பெரியப்பா?” அவர் சொன்னார்: “வராட்டியும் போறன் கண்ணு. கழி புடிக்கறப்ப அவன் கை நடுங்கறதில்ல, பாத்தியா?”

பிறகு நான் தமிழாசிரியை ஆனேன். கல்லூரியில் புறநானூற்றின் 281-ஆம் பாட்டைப் படித்த அன்று எனக்கு வகுப்பில் உட்கார முடியவில்லை. போரில் புண்பட்டுக் கிடக்கிறான் ஒரு வீரன். பெண்கள் அவன் வீட்டில் வேப்பிலை செருகி, யாழ் இசைத்து, காஞ்சிப் பண் பாடி அவனைக் காக்கப் போகிறார்கள். புண்ணுக்குப் பண் மருந்து என்பது நம்மிடம் அத்தனை பழையது. அதைவிட நெருக்கமாக, அண்ணன்மார் கதைக்குள்ளேயே அது இருக்கிறது. களத்தில் மாண்டு கிடக்கும் அண்ணன்மார்களைத் தங்காள் எழுப்புகிறாள். திருவிழாவில் அதைப் படுகளம் என்று நடத்துகிறோம். மணப்பாறைப் பக்கம் வீரப்பூரில் மாசியில் நடப்பது பேர் பெற்றது; எங்கள் பக்கத்து ஊர்களிலும் உண்டு. சாமி வந்தவர்கள் செத்தவர்களைப் போல வரிசையாக விழுந்து கிடப்பார்கள். வெள்ளைத் துணி போர்த்துவார்கள். உடுக்கைக்காரர் பாடுவார். தண்ணீர் தெளித்ததும் ஒவ்வொருவராக எழுவார்கள்.

அப்பா விழுந்து மூன்றாவது மாசியில் ஒரு படுகளத்துக்கு இருவரும் போனார்கள். கூட நானும் போனேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து இடக்கையால் தொடையில் தாளம் போட்டார். வெள்ளைத் துணிக்கு அடியில் ஏழெட்டுப் பேர் அசையாமல் கிடந்தார்கள். பெரியப்பா அடியைத் தொடங்கி, பழையபடி பாதியில் விட்டார். அப்பாவுக்குச் சொல் உடனே வரவில்லை. உடுக்கை மட்டும் மெதுவாக விம்மிக்கொண்டிருந்தது. கிடந்தவர்கள் கிடந்தார்கள், தண்ணீர்ச் செம்போடு நின்ற பெண் நின்றாள், ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்பாவுக்காகக் காத்திருந்தது. பிறகு அவர் முடித்தார். தண்ணீர் தெளித்தார்கள். துணிக்கு அடியில் கால்கள் அசைந்தன.

திரும்பி வரும் வழியில் நான் கேட்டேன்: “தங்காள் எழுப்பினாலும் அண்ணன்மாருங்க கொஞ்ச நேரம் பேசிட்டு மறுபடியும் செத்துப் போயிடறாங்களே பெரியப்பா, அப்புறம் எதுக்கு எழுப்பணும்?” அவர் சொன்னார்: “பேசிட்டுப் போறாங்களே கண்ணு. அது போதாதா?”

அப்பா அதற்கப்புறம் பன்னிரண்டு வருடம் இருந்தார். என் கல்யாணத்தில் மாப்பிள்ளையிடம் நாலு சொல் பேசினார். என் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவர் போன பிறகு பெரியப்பா அகலத் தறியில் உட்காரவில்லை. உட்கார்ந்தாலும் எதிர்க் கைக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஜமக்காளம் கைத்தறிக்கே உரியது என்று 1985-ஆம் ஆண்டின் ரக ஒதுக்கீட்டுச் சட்டம் சொல்கிறது. 2005-06-இல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் விசைத்தறிச் சரக்கு ‘பவானி’ என்ற பேரிலேயே கடைக்கு வருகிறது. எங்கள் தெருவில் பிள்ளைகள் பனியன் கம்பெனிக்கும் வெளியூருக்கும் போய்விட்டார்கள். பெரியப்பா முடிகிறவரை செவ்வாய்க்கிழமைகளை மட்டும் விடவில்லை. அவரும் இப்போது இல்லை. உடுக்கை என் தம்பியிடம் இருக்கிறது.

என்னிடம் ஒரு ஜமக்காளம் இருக்கிறது. அந்த ஐப்பசியில் தொடங்கி இருவரும் நெய்தது. பச்சை, சிவப்பு, நீலப் பட்டைகள். முதலாளி விரித்துப் பார்த்துவிட்டு, “எடக்கரை கோணல், இது விக்காது” என்று தள்ளிவிட்டார். நூல் காசைக் கூலியில் பிடித்துக்கொண்டார். அதன் வலக்கரை தொடக்கம் முதல் நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கிறது. இடக்கரை தொடங்கும் இடத்தில் அலை அலையாக உள்ளே போகிறது, வெளியே வருகிறது. சில இடங்களில் ஊடை தளர்ந்து சுண்டுவிரல் நுழையும். கையால் தடவிக்கொண்டே போனால் ஒரு முழத்துக்கு ஒரு முழம் அலை குறைகிறது. மூன்றாவது சிவப்புப் பட்டையில், “சங்கரு” என்று கேட்ட நாள் இங்கே எங்கேயோதான் இருக்க வேண்டும் என்று என் கை நிற்கும். கடைசிப் பட்டையில் இரண்டு கரையும் ஒன்றுபோல் இருக்கின்றன.

செவ்வாய்க்கிழமைகளில் தம்பி ஈரோட்டுக்குப் போகிறான். பின்பாட்டுக்கு நான் போகிறேன். அங்கே தரையில் அந்த ஜமக்காளத்தைத்தான் விரிக்கிறோம். புதிதாக வருகிறவர்களை இடக்கரைப் பக்கம் உட்கார வைக்கிறோம். தம்பி ஓர் அடியைத் தொடங்கிப் பாதியில் விடுவான். மீதி எனக்குத் தெரியும். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு எதிரே இருப்பவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.